டோக்கிகோ திரும்பிப் பார்த்தாள்

பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் மிசோ சூப் கிண்டிக் கிண்டியே ஐம்பத்தொன்பது வயதைத் தொட்டவள் கினுயே. அவளுக்கிருந்த ஒரே ஆடம்பரம் விடியற்காலை ஓட்டம். ஆற்றங்கரை மேட்டில் முன்னால் டோக்கிகோ, பின்னால் அவள். சலவைக்கடைக்காரி டோக்கிகோவுக்கு ஓடினால்தான் வாய் திறக்கும்; மருமகள் முதல் மேயர் வரை ஒருவரையும் விடமாட்டாள். கினுயே "ம்" கொட்டிக்கொண்டே ஓடுவாள். இருபது வருஷமாக இதே கதைதான்.

போன வசந்தத்தில் கினுயேவின் முழங்கால் மக்கர் செய்தது.

"மெத்தை ஷூவ நம்பி குதிகாலால இடிச்சு இடிச்சு ஓடறீங்க. மெல்லிசு அடி வெச்ச ஷூவுக்கு மாறிப் பாருங்க. ஆனா கொஞ்சங்கொஞ்சமா," என்றார் மருத்துவர்.

மெல்லிசு என்றதும் அவளுக்குத் தாபிதான் ஞாபகம் வந்தது. பெருவிரல் தனியே பிரிந்த துணிக்காலணி. சின்ன வயதில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு எல்லோரும் வெள்ளைத் தாபிதான். சாயங்காலத்துக்குள் அடி கிழிந்துவிடும், அதைப் பற்றி யாருக்குக் கவலை? மண்ணின் குளிர்ச்சி, சுண்ணாம்புக் கோட்டின் வழுவழுப்பு எல்லாம் உள்ளங்காலுக்குத் தெரியும். அப்போதும் டோக்கிகோதான் முன்னால் ஓடுவாள். பின்னால் சத்தமே கேட்காது. சந்தேகத்தில் திரும்பிப் பார்ப்பாள். அந்த நொடியில் கினுயே தாண்டிவிடுவாள். ஒவ்வொரு வருஷமும் டோக்கிகோ சோற்றுருண்டையைக் கடித்தபடியே அழுவாள். அந்தச் சந்தோஷம் கினுயேவுக்குப் பிறகு எதிலும் கிடைக்கவில்லை.

ரப்பர் அடி வைத்த ஓட்டத் தாபி இப்போது கடையிலேயே கிடைக்கிறது. வாங்கினாள். மருத்துவர் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டு முதல் நாளே பாலம் வரை ஓடினாள். மறுநாள் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கி வந்தாள்.

"பின்பக்கமா எறங்கற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன். சோறாவது முன்பக்கமா வருமா?" என்றார் கணவர் ஷிகெஜி.

அதற்குப் பிறகு ஒழுங்காக அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தாள். கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம்.

"உனக்காக நின்னா என் தொடை விறைச்சுக்கும்டி," என்று சொல்லிவிட்டு டோக்கிகோ தன் போக்கில் போய்விட்டாள். அவள் முதுகு தூரத்தில் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்கும்போதெல்லாம் கினுயேவுக்கு ஒரே கவலை. முழங்கால் போனால்கூடப் பரவாயில்லை, இவள் தனியாக ஓடிப் பழகிவிட்டால் என்ன செய்வது? பழைய ஷூவையே மாட்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள்.

இலையுதிர் காலத்தில்தான் பாலம் வரை நிற்காமல் ஓட முடிந்தது. வலியே இல்லை. முன்னால் டோக்கிகோ, பின்னால் அவள். ஆனால் டோக்கிகோ வாயைத் திறக்கவில்லை. நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சுமை வந்து சேர்ந்துவிட்டதென்று பார்க்கிறாள் போலும்.

"எடஞ்சலா இருந்தா சொல்லிடு டோக்கி. நான் வேற நேரத்துல ஓடிக்கறேன்."

டோக்கிகோவின் முகம் சிவந்தது.

மறுநாள் அவள் கையில் ஒரு மணி இருந்தது. மலைக்குக் காளான் பறிக்கப் போகிறவர்கள் கரடிக்குப் பயந்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் மணி. கினுயேவின் இடுப்பில் அதை இறுக்கிக் கட்டினாள்.

"நான் என்ன கரடி வெரட்டவா போறேன்?"

"முன்னெல்லாம் தொம்மு தொம்முனு வருவ. அது பாட்டுக்குக் காதுல விழும், நான் பாட்டுக்குப் பேசுவேன். இப்ப சத்தமே இல்ல, இருக்கியா, போயிட்டியான்னே தெரியல. நீ வர்றது காதுல விழுந்தாத்தாண்டி எனக்குப் பேச்சு வரும்." முடிச்சை இன்னொருமுறை இழுத்துப் பார்த்து, "அதோட, இன்னொருதரம் சத்தமில்லாம தாண்டிப் போனா விடமாட்டேன்," என்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கினுயே ஓடத் தொடங்கினாள். மணி ஒலித்தது. டோக்கிகோ திரும்பிப் பார்க்கவேயில்லை; வசந்தத்தில் பாதியில் நின்றுபோன மருமகள் கதையை ஆரம்பித்தாள்.