வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவில்

எங்கள் அப்பா மீது கேசு போட்டவர் என் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூரிலிருந்து காலையில் இறங்கும் பஸ் ஒன்றே ஒன்று. அதனால் வாய்தா நாட்களில் வாதியும் பிரதிவாதியும் ஒரே சீட்டில் உட்கார்ந்துதான் நாமக்கல் கோர்ட்டுக்குப் போனார்கள். நடுவில் நான். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டினால் வாதி எலுமிச்சம்பழம் தருவார், பிரதிவாதி தலையைப் பிடித்துக்கொள்வார்.

அத்தை கேட்டது தாத்தா விட்டுப்போன நிலத்தில் பாதி. எங்கள் மலையில் பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கிடையாது. ஊர்க்கூட்டமும் அதையே சொல்லிவிட்டது. "கீழ்நாட்டுப் பொண்ணுகளுக்குப் பங்கு உண்டுன்னு சட்டம் இருக்குதாம். எங்களுக்கு மட்டும் ஏனுங்க இல்லை?" என்று கேட்டுவிட்டு அத்தை கோர்ட்டுக்குக் கிளம்பினார். அப்பாவுக்கு மனமில்லாமல் இல்லை. கொடுத்தால் ஊர் தள்ளிவைத்துவிடும் என்று பயம்.

எனக்கு அத்தை மேல் ஆத்திரமாக வந்தது. பலாவில் படர்ந்த மிளகை அவர் பறித்துப் போனால் அப்பா ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. பிள்ளைகுட்டி இல்லாத ஒற்றை ஆளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

எங்கள் ஊரில் வழக்குப் பேசுமுன் இரு தரப்பும் ஒரே தட்டில் வெற்றிலை எடுக்க வேண்டும். அத்தை அந்த வழக்கத்தைக் கோர்ட்டிலும் விடவில்லை. வராந்தாவில் தட்டை நீட்டினார். அப்பாவும் எடுத்து மென்றார். அப்பாவின் வக்கீல் பதறி ஓடிவந்தார். "சமாதானம் ஆயிட்டீங்களா? சொல்லவே இல்லையே!"

"சமாதானமெல்லாம் இல்லீங்க சாமி. கேசு நடக்கட்டும்," என்றார் அத்தை.

கடைசியில் கேசு தள்ளுபடியானது. மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் எங்களைப் போன்ற பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறதாம். அத்தை நகரவில்லை. "அதை மாத்தி எழுதுங்க சாமி."

நீதிபதி சிரிக்கவில்லை. "நான் எழுத முடியாதும்மா. இருக்கிற சட்டத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லலாம். எழுதறது டெல்லியில, பார்லிமென்ட்டுல."

"எங்கண்ணன் நல்லவருங்க. எல்லாப் புள்ளைக்கும் நல்ல அண்ணனே வாய்க்குமுங்களா?" என்று அத்தை கேட்டார்.

அடுத்த கிராமசபையில் அத்தை எழுந்து, சட்டத்தை மாற்றச் சொல்லித் தீர்மானம் போடுங்கள் என்றார். சிரித்தார்கள். அதற்கடுத்த சபையிலும் எழுந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் ஊர் அம்மி இன்னும் நகரவில்லை, அத்தையும் இன்னும் உட்காரவில்லை.

வாய்தாவுக்கெல்லாம் அத்தை என்னைத்தான் கூட்டிப்போனார். என் அண்ணன் அழுது புரண்டும் ஒரு முறைகூட அவனை அழைக்கவில்லை. பள்ளிக்கு மட்டம் போட முடிந்ததே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். நல்ல அண்ணனைப் பற்றி நீதிபதியிடம் கேட்டபோது அத்தையின் கை என் தலைமேல் இருந்தது. நானோ பாவாடையில் முடிந்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தபடி, பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று அவர் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.