பெட்ஷீட்டை வீசச் சொன்ன டொக்டர்

ஸ்கேன் டொக்டர் போயிட்டாவாம்...

காலையில் வலையோடு வாவியில் நிற்கும்போது போன் வந்தது. நித்திரையிலேயே போய்விட்டாராம். பேரப்பிள்ளைகளையும் கண்டு நிறைவாக வாழ்ந்த மனுஷி.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. என் வலது கைக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது கலியாணம் முடித்த புதிது. ஒருநாள் விடிய எழும்பினால் கை தோளிலிருந்து விரல் வரை வீங்கி, நீலம் பாரித்து...

சுளுக்கு என்று முடிவுகட்டி, மனைவி மலர் நல்லெண்ணெய் போட்டு உருவு உருவென்று உருவினாள். வீக்கம் கூடியதுதான் மிச்சம்.

ஸ்கேன் அறையில் டொக்டர் கையைப் பிடித்தார். வழுக்கியது.

"ஆருகா இவ்வளவு எண்ணெய் போட்டது?"

"நான்தான் டொக்டர்." மலருக்குப் பெருமை வேறு!

"ஸ்கேனுக்குப் பூசிற ஜெல் மிச்சம். இனி உருவிராத மகள், உள்ளுக்கு ரத்தம் கட்டியிருக்கு."

நல்ல ரத்தக்குழாய் என்றால் ஸ்கேன் கருவியால் அமர்த்த, தட்டையாகிவிடுமாம். என்னுடையது கக்கத்தடியில் அசையவே இல்லை.

"இனி வலை எறிய ஏலாதா டொக்டர்?" எனக்கு அந்தப் பயம்தான். வேறு தொழில் தெரியாது.

"முதல்ல கட்டி கரையட்டும் மனே."

மாதக்கணக்கில் மருந்து. திரும்பப் போனபோது அமர்த்திப் பார்த்துவிட்டு ஸ்க்ரீனைக் காட்டினார். "பாத்தியா... அமத்த மூடுது, கட்டி கரைஞ்சிட்டு!"

நான் திரும்பவும் வலைக் கதையைத் தொடங்கினேன்.

"எப்பிடி எறிவாய்? எறிஞ்சு காட்டு." கட்டிலில் கிடந்த பெட்ஷீட்டை உருவித் தந்தார். "இதுதான் வலை."

வெட்கத்தைப் பார்த்தால் பிழைப்பு நடக்குமா? மடித்துத் தோளில் போட்டு, சுழன்று எறிந்தேன். வட்டமாக விரிந்து, மருந்துத் தட்டோடு வந்த நேர்ஸ் மிஸ்ஸின் தலையில் விழுந்தது.

டொக்டர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு அதே மாதிரிக் கையைத் தூக்கச் சொல்லி ஸ்கேன் பண்ணினார். தூக்கத் தூக்க, தோளெலும்புக்குக் கீழே ரத்த ஓட்டம் மெலிந்துகொண்டே போனது.

"உயரத் தூக்கினா குழாய் நசியுது மனே. சின்ன வலையா எடு. கை தோளுக்கு மேல போகாம எறிஞ்சு பழகு."

பழகினேன். கூட்டாளிகள், "என்னடா, கோழிக்குத் தீன் எறியிறியா?" என்று நக்கலடித்தார்கள். அடிக்கட்டும்... மீனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

இன்றைக்குப் போன் எடுத்தது அந்த மிஸ்தான். அழுதுகொண்டே, "பெட்ஷீட் ஞாபகம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

போனை வைத்துவிட்டு ஒரு வீச்சு எறிந்தேன். தோளுக்குக் கீழேதான். வட்டமாக விழுந்தது.

கை நல்லா இருக்கு டொக்டர். போயிட்டு வாங்க...