மர்ஜொஹான் கட்டிய வீடு

எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தபோது மர்ஜொஹானுக்கு இருபத்தாறு வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர் லூபுக் சாரிக். இந்தப் பக்கம் நாங்கள், ரிம்போ காலுங். தொங்குபாலம் இருந்த காலத்தில் இரண்டு மணி நேர நடை. ஒரு துணிப்பை, ஓர் இழைப்புளி, இரண்டு உளி, ஒரு ரம்பம். அவ்வளவோடுதான் வந்தார். வேறு என்ன கொண்டுவர முடியும்? எங்களுக்குள் வயலும் வீடும் பெண்கள் வழியில் போகிறவை. பிறந்த வீட்டில் ஆண்பிள்ளைக்குப் பேச உரிமை உண்டு, படுக்க இடமில்லை. பெண்டாட்டி வீட்டில் படுக்க இடமுண்டு, பேச உரிமையில்லை. நானும் அப்படித்தான் இருக்கிறேன்; அதில் குறை ஒன்றும் தோன்றியதில்லை, மர்ஜொஹானுக்கு நடந்ததைப் பார்க்கும்வரை.

அவர் மனைவி யுஸ்னிடாரின் தாய்வீட்டில் ஏற்கெனவே மூன்று சகோதரிகளும் மூன்று மாப்பிள்ளைகளும் இருந்தார்கள். நான்காவது ஜோடிக்கு அடுப்படி ஓரம் ஒரு தடுப்புதான் கிடைத்தது. "இருமுனா அடுத்த அறையில இருந்து பதில் இருமல் வருதுடா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். பிறகு ஒருநாள் யுஸ்னிடார் குடும்பத்து நிலத்திலேயே, வயல் முடிகிற மேட்டில், தனி வீடு கட்ட ஆரம்பித்தார்.

கட்டி முடிக்க ஐந்து வருடம். மரத்துக்குப் பஞ்சமில்லை, மலையில் அவரே அறுத்தார். மற்றதெல்லாம் சந்தையிலிருந்து வரவேண்டும். சந்தைக்கும் எங்களுக்கும் நடுவே பத்தொன்பது கிலோமீட்டர். அரசாங்கத் தாளில் அதற்குச் சாலை என்று பெயர். நான் அதில் வாடகை பைக் ஓட்டிப் பிழைக்கிறவன். மழைக்காலத்தில் டயரில் இரும்புச் சங்கிலி சுற்றித்தான் வண்டியை எடுப்போம். ஒரு நடைக்கு இரண்டு மூட்டை சிமெண்ட். ஒரு மழையில் அடுத்தடுத்து நான்கு நடையிலும் வண்டி சகதியில் சாய்ந்து, எட்டு மூட்டையும் நனைந்து, மூட்டை வடிவத்திலேயே கல்லாகிவிட்டன. மர்ஜொஹான் அவற்றை வாசலில் வரிசையாகப் பதித்துப் படி ஆக்கினார். தகரத்தை வண்டியில் வைத்தால் காற்று ஆளையே தூக்கும் என்று, அத்தனை தகடுகளையும் தலையில் சுமந்து நடந்தார். சன்னலுக்கு எட்டுக் கண்ணாடி வாங்கி வந்தோம். ஊர் சேர்ந்தவை இரண்டு.

"போதும்டா வீர்மான். எட்டுலயும் தெரியப்போறது அதே மலைதானே" என்றார்.

யுஸ்னிடாருக்குப் பிடிக்கவில்லை. "பலகை அடிச்ச சன்னலைப் பாத்தா ஆட்டுக்கொட்டாய்னு நெனப்பாங்க."

"ஆடு ரெண்டு வாங்கிட்டாப் போச்சு."

அந்த வீட்டில் அவர்கள் இருபத்தெட்டு வருடம் இருந்தார்கள். ஒரே மகள், குஸ்னெலி. பத்தொன்பது வயதில் பாத்தாம் தீவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனவள், அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டாள். ஊருக்கு வந்தது இரண்டு தடவை. இரண்டாவது தடவை வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதன்பிறகு வரவில்லை.

யுஸ்னிடாருக்கு வயிற்றுவலி கண்டது ஒரு டிசம்பரில். பதினோரு நாள் விடாத மழை. பாலம் போனதும் அந்த மழையில்தான். இரண்டு கரையிலும் கம்பம் மட்டும் நின்றது. ஊர் மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு. இங்க வச்சிருந்தா நான் பொறுப்பில்ல. இப்பவே சந்தைக்குக் கொண்டுபோங்க."

பைக் பத்தடிகூட நகராது. இரண்டு மூங்கிலில் கைலிகளைக் கட்டித் தூளி செய்து, நாங்கள் பன்னிரண்டு பேர் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தோம். மர்ஜொஹான் மட்டும் மாறவேயில்லை. தலைமாட்டுப் பக்க மூங்கில் முழுக்க அவர் தோளில்தான் இருந்தது. முதல் ஐந்து கிலோமீட்டர் யுஸ்னிடாருக்குப் பேச்சு இருந்தது.

"என் கல்யாண ஊர்வலத்துக்குக்கூட இத்தனை ஆம்பளைங்க வரலையே."

"சோறு நல்லா இருக்காதுன்னு தெரிஞ்சிருக்கும்க்கா" என்றேன்.

சிரித்தாள். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அவனைப் பேச விடாதீங்களேன்" என்றாள் மர்ஜொஹானிடம். அதன்பின் அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

பதினோராவது கிலோமீட்டரில் மலை சரிந்து பாதையை மூடியிருந்தது. தொடைவரை சேறு. தூளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஆளுக்கு ஆள் கைமாற்றி, அந்த நூறடியைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகியது. அந்தப் பக்கம் இறக்கி வைத்தபோது, எங்களில் மூத்தவரான டார்லிஸ் குனிந்து அவள் மூக்கருகே கையை வைத்தார். பிறகு மெல்ல, "இன்னா லில்லாஹி" என்று சொல்ல ஆரம்பித்தார்.

"டாக்டர் சொல்லட்டும்" என்றார் மர்ஜொஹான்.

"தம்பி..."

"டாக்டர் சொல்லட்டும். தூக்குங்க."

யாரும் மறுக்கவில்லை. தூக்கினோம். உயிர் போனவளைச் சுமந்துகொண்டு மேலும் ஒரு கிலோமீட்டர் ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தோம். மழை விட்டிருந்தது. எங்கள் கால்கள் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் சத்தம் மட்டும். ஒரு வளைவில் அவராகவே நின்றார். மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"போதும். வீட்டுக்குத் திருப்புங்க" என்றார்.

அந்தச் சரிவை மறுபடியும் கடக்க வேண்டியிருந்தது.

நூறாம் நாள் ஃபாத்திஹா முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, யுஸ்னிடாரின் அண்ணன் மட்டும் தங்கினார். அந்தக் குடும்பத்துக்குத் தலைவர் அவர். ஊரில் எல்லோரும் தாத்துக் என்றே கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. பாத்திரம் எடுத்துவைக்க நான் அங்கே இருந்ததால் முழுப் பேச்சையும் கேட்டேன்.

"மாப்பிள்ளை, இது ஒங்க வீடு மாதிரிதான். எப்ப வேணும்னாலும் வந்து போகலாம்."

மர்ஜொஹான் தலையசைத்தார். 'வந்து போகலாம்' என்றால் என்னவென்று எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"தங்கச்சி மக ஒருத்திக்கு அடுத்த மாசம் கல்யாணம். பெரிய வீட்டுல எடம் இல்ல" என்றார் தாத்துக்.

"குஸ்னெலி வீடுதானே இது மச்சான்?"

"அவளுதுதான். அவகிட்ட போன்ல கேட்டேன். சரின்னுட்டா." பிறகு, "நிலம் எங்களுது. பலகையும் தகரமும் நீங்க சம்பாரிச்சது. பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போங்க. ஒருத்தரும் தடுக்க மாட்டோம்" என்றார்.

"எந்த வழியா?"

பாலம் இல்லை. சுற்றி வந்தால் சந்தை வரை பத்தொன்பது, அங்கிருந்து லூபுக் சாரிக்குக்கு இருபத்து மூன்று. கொண்டுபோய்ச் சேர்த்தாலும் அவற்றை நிறுத்த மர்ஜொஹானுக்கு ஒரு கையகல நிலம் கிடையாது.

மறுநாள் அவரை ஊருக்கு மேலே இருக்கும் குன்றுக்குக் கூட்டிப்போனேன். போனில் சிக்னல் கிடைப்பது அங்கேதான். குஸ்னெலியின் குரல் விட்டு விட்டு வந்தது.

"மாமா சொல்றபடி கேளுங்கப்பா. பொண்டாட்டி செத்தப்புறமும் உக்காந்திருக்காருன்னு நாளைக்கு ஒங்களைத்தானே பேசுவாங்க. வீடு எங்கயும் ஓடிடாது."

"சரிம்மா."

"இங்க வாங்களேன். ஒரே ரூம்தான், இருந்தாலும்..."

"இருக்கட்டும்மா. பிள்ளைங்க என்ன செய்யுது?" என்று கேட்டார். அதற்குள் தொடர்பு அறுந்துபோனது.

ஆறு வடிந்திருந்த ஒரு காலை, நானே அவரை ஆற்றுவரை வண்டியில் கொண்டுவிட்டு, மார்பளவுத் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே அக்கரைக்குப் போனேன். அவருடைய அக்கா செத்துப் பல வருடம். வீடு இப்போது அக்கா மகள் ரெஸ்மித்தாவினுடையது. மூன்று அறை, கல்யாணமான மூன்று மகள்கள். எங்களைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பற்றி முத்தமிட்டாள். சோறும் கருவாட்டு மிளகாயும் வைத்தாள். நிறையத்தான் வைத்தாள்.

"மாமா, படுக்குறதுக்கு..." என்று தொடங்கினாள்.

"பள்ளிவாசல்ல படுத்துக்கறேம்மா. சின்னதுல படுத்த எடந்தானே" என்றார்.

"பள்ளிவாசல் கூரை போன வருசமே இறங்கிடுச்சே மாமா."

கடைசியில் வயல் குடிசை என்று முடிவானது. கிளி விரட்ட ஆள் உட்காரும் பரண். நான்கு பக்கமும் சுவர் இல்லை. அவரே இரண்டு பக்கம் தட்டி அடித்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் மூத்த தாய்மாமன் அவர்தான். ஒரு வயலைக் குத்தகைக்கு விடுவதென்றாலும் ஒரு பெண்ணைக் கொடுப்பதென்றாலும் அவருடைய சம்மதம் வேண்டும். குடிசைக்கு ஆள் அனுப்பி மரியாதையாகக் கூட்டி வருவார்கள்; நடு இடத்தில் உட்காரவைத்துப் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் அவர் குடிசைக்குத் திரும்புவார்.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு எங்கள் ஊருக்கு வந்தார். ஆறு பெருகியிருந்ததால் சந்தை வழியாகச் சுற்றி, இரண்டு நாள் பயணம். முதலில் யுஸ்னிடாரின் கபருக்குப் போனார். பிறகு வீட்டுக்கு. நானும் கூடப் போனேன். புது மாப்பிள்ளை நல்ல பையன். விருந்தினர் பாயை விரித்தான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்து, "பெரியப்பா, சர்க்கரை போடலாமா?" என்று கேட்டாள். முன்பு பலகையாயிருந்த ஒரு சன்னலை அகலப்படுத்திக் கம்பி போட்டிருந்தார்கள்.

"வெளிச்சம் நல்லா வருது" என்றார் மர்ஜொஹான்.

"தெக்குப் பக்கம் ஒழுகுது பெரியப்பா. எங்கேருந்துன்னு தெரியல."

அவர் சட்டென்று எழுந்தார். ஏணி எங்கே இருக்கும் என்று கேட்காமலே பின்பக்கம் போய் எடுத்துவந்து ஏறினார். அறுபதைத் தாண்டிய மனிதர். அரை மணி நேரம் மேலே ஆணி அடிக்கும் சத்தம். இறங்கி வந்தபோது காப்பி ஆறியிருந்தது. சூடாக்கித் தரட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், நேரமாச்சு என்று சொல்லிவிட்டு, அஸர் தொழுகைக்கு முன்பே கிளம்பினார்.

என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். சந்தை நெருங்கும்போது, "நான் போனா அவ பக்கத்துல போடச் சொல்லுடா. ரெஸ்மித்தாகிட்டயும் சொல்லிருக்கேன்" என்றார்.

"இப்ப எதுக்குண்ணே அந்தப் பேச்சு?"

"இப்ப நீதானே இருக்க."

அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அடுத்த வருட மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. குடிசையில் இரண்டு நாள் கிடந்த பிறகே யாரோ பார்த்தார்களாம். ரெஸ்மித்தா அழுதுகொண்டே வீட்டுக்குத் தூக்கிவரச் சொல்லி, ஒரு மகளின் அறையைக் காலி செய்து அவரைப் படுக்கவைத்தாள். அந்த அறையில் ஒரே ஒரு நாள் இருந்தார். ஆறு கரைபுரண்டு ஓடியது, சந்தைச் சாலையும் இரண்டு இடத்தில் சரிந்திருந்தது. மையித்தை எவ்வளவு நாள் வைத்திருக்க முடியும்? அங்கேயே அடக்கிவிட்டார்கள். எங்களுக்கு விஷயம் தெரிய ஒன்பது நாளாயிற்று.

குஸ்னெலிக்குச் சொல்லக் குன்றில் ஏறினேன்.

"அம்மா பக்கத்துல போட்டீங்களா வீர்மான் மாமா?"

"இல்லம்மா. வழி இல்ல."

"சரி" என்றாள். பிறகு, "கடைசியில சாப்பாடெல்லாம் நல்லாக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

குடுத்தாங்கம்மா என்று சொன்னேன்.