தங்கமீன் வீட்டு ஓவர்புளோ பைப்

“ஏலே சுப்பையா, நீ மீன் தொட்டிக்குக் குழாய் போட்டியா, எங்க ஹாலுக்குப் போட்டியா?”

சிவகாசியில் வேலாயுதம் அண்ணாச்சி வீட்டு வாசலில் கால் வைத்ததும் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹாலில் தேங்கிய தண்ணீரை அவரே விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். விருதுநகரில் நான் தனியாகக் குழாய் வேலைத் தொழில் ஆரம்பித்திருந்த நேரம்.

அண்ணாச்சி கம்பெனி மத்தாப்புக்குத் தங்கமீன்தான் லேபிள். அதில் குஷியாகிப்போன கல்கத்தா வியாபாரி ஒருவர், ரயிலில் ஆள் போட்டு நிஜத் தங்கமீன்களையே பரிசாக அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை அவரே சீசன் ஆர்டர் பேச வருகிறார். அதற்குள் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மீன் துள்ள வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை.

“இதை ஒழுங்கா முடி. அச்சங்குளத்துல கட்டுற புது பாக்டரி பைப் வேலை அம்புட்டும் உனக்குத்தான். கோட்டை விட்டே, மதுரையில இருந்து வேற ஆள் வரும்” என்று சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் எனக்கு ஒரு வருஷத்துக்குக் கவலை கிடையாது.

வேலை என்னவோ சின்னதுதான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து அரை இஞ்சு பைப், தண்ணீரைக் கூட்டிக் குறைக்க ஒரு கேட் வால்வு. மீன் தொட்டியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, மிச்சத் தண்ணீர் வெளியேற ஓவர்புளோ பைப். அது சுவரைத் துளைத்துப் பின்பக்கச் சாக்கடைக்குப் போகும். பகலெல்லாம் தண்ணீர் அழகாக ஓடும். விடிந்து பார்த்தால் ஹால் குளம்.

ஜாயிண்டைப் பிரித்து, கசிவை அடைக்கச் சணலும் வெள்ளை ஈயமும் புதிதாக வைத்தேன். மறுநாளும் குளம். ஓவர்புளோவை முக்கால் இஞ்சாக்கினேன். அன்றைக்கு மீன் ஒன்று தொட்டியை விட்டு நீந்தி வந்து நாற்காலிக்கடியில் கிடந்தது. நல்லவேளை, உயிர் இருந்தது. எனக்குத்தான் பாதி உயிர் போய்விட்டது.

வியாழக்கிழமை மனசு பொறுக்காமல் முதல் பஸ்ஸிலேயே வந்து, பின்கட்டு வழியாக நுழைந்தேன். அங்கே அண்ணாச்சியின் மனைவி செல்லத்தாய் மதினி குனிந்து, ஓவர்புளோ பைப்பின் வாயிலிருந்து துணி சுற்றிய கட்டை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடம்.

“மதினி! என்ன காரியம் செஞ்சீக!”

“என்னய்யா கத்துறீக? கெணத்துல வாளி அடிமண்ணுல இடிக்குது. இங்கன நல்ல தண்ணி சாக்கடைக்குப் போகுது. பகல்ல குடத்துல பிடிச்சிருவேன். ராத்திரி எவ முழிச்சிருந்து பிடிப்பா? அதான் அடைச்சு வச்சேன். தண்ணி தொட்டியிலயே கெடக்கட்டுமேன்னு.”

“அது அங்கன கெடக்காம ஹாலுக்குல்ல வருது!”

மதினி கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அட பாவி மனுசா, அதுவா இது!” என்று வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, மதினியின் அடைப்பு அளவுக்கு என் ஜாயிண்ட்கூடக் கச்சிதமாக இருந்ததில்லை.

ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? நம்ம ஊரில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்? வால்வைச் சுருக்கி, தண்ணீரை நூல்போல விட்டேன். வளைவுக்கு ஓர் எல்போ போட்டு, வெளிப்பைப்பைச் சாக்கடையிலிருந்து திருப்பி, கொல்லையில் மதினியின் கத்தரிப் பாத்திக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை ஹால் காய்ந்து கிடந்தது. மீன்கள் துள்ளின. வந்த வியாபாரிக்கு முகமெல்லாம் பல். அவர் கிளம்பிப் போனதும், “அச்சங்குளத்துக்கு மதுரை ஆளையும் ஒருதரம் கேட்டுப் பாப்பமா?” என்று அண்ணாச்சி இழுத்தார்.

“ஒருத்தரையும் கேக்க வேண்டாம். வேலை சுப்பையாவுக்குத்தான்” என்றார் மதினி, உள்ளேயிருந்து.

“ஏட்டி, நான் மொதலாளியா, நீ மொதலாளியா?”

“தண்ணி விசயத்துல நாந்தான்.”

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அச்சங்குளத்தில் வேலை தொடங்கிய அன்று, பைப் முறுக்கும் ரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, அங்கே தண்ணீர் சுமந்துகொண்டிருந்த பெண்களிடம் போய், “குழாய் எங்கன வேணும்?” என்று கேட்டேன். இதுவரை ஒருத்தரும் அவர்களைக் கேட்டதில்லையாம்.