வேளா அறுத்த விரல்

ரம்பம் என்று எதைக் கையில் கொடுத்தாலும் நான் பிடியைப் பார்ப்பதில்லை, பளபளப்பைப் பார்ப்பதில்லை. பல்லைப் பார்ப்பேன். கட்டைவிரல் அகலத்துக்குள் மூன்றே பல் இருந்தால் அது பசி எடுத்த ரம்பம். மரத்தை நெடுக்கே பிளக்கட்டும், விறகுக்குப் போகட்டும். அதே அகலத்தில் பத்துப் பன்னிரண்டு பல் நெருங்கி நின்றால், மரத்தைக் குறுக்கே அறுக்க, நாலு பேர் கண்ணில் படுகிற ஓரத்தை அறுக்க அதுதான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யார் வந்து மறுத்தாலும் பலகையைப் போட்டு அறுத்துக் காட்டுவேன்.

ஏழு வயதில், கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில், ஒரே பகலில் இதைத் தெரிந்துகொண்டேன். அதே பகலில் என் கண்ணெதிரே நடந்த இன்னொன்று விளங்க மேலும் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

அக்காவுக்கு ஏரிக்கு அக்கரையில், தோணிரேவில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் பதினோரு பேர். அவர்கள் எதுவும் கேட்கவில்லை, கேட்டவள் அக்காதான். ஒரு பெட்டி வேண்டும், அதற்கு இடுக்கில்லாமல் மூடுகிற மூடி வேண்டும். பெட்டி கிடைத்துவிட்டது. கோட்டையிலிருந்து கப்பலேறும் சாயத்துணிகளை அடுக்குகிற பெட்டி ஒன்று, மூடி உடைந்ததால் கழித்துப் போட்டதை, அங்கே சுமை தூக்கப் போகிற மாமா, அம்மாவின் தம்பி, தலையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். மூடிக்குப் பலகையும் கிடைத்துவிட்டது. ஐப்பசிக் காற்றில் கரை ஒதுங்கிய தேக்கு. எந்தக் கப்பலின் விலாவோ. கோட்டையிலிருந்து டச்சுக்காரர், எங்கள் பேச்சில் உலாந்தாக்காரர், ஒருவர் வந்து காலால் புரட்டிப் பார்த்து, குட்டை என்று விட்டுவிட்டுப் போனார். எங்களுக்கு அது குட்டை இல்லை. மூடி போக ஒரு முழம் மிச்சம் இருந்தது. ஆனால் ஒரே பலகை. கெட்டால் கெட்டதுதான்.

மூடி ஆனதும் சொல்லியனுப்புங்கள், நாள் குறிக்கலாம் என்று தோணிரேவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் அந்தப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, நேரம் வாய்க்கவில்லை. கடல் நன்றாக இருந்தால் கடலுக்குப் போக வேண்டும்; கடல் நன்றாக இல்லாவிட்டால் அவருக்கு உடம்பு நன்றாக இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மாமா, கோட்டைத் தச்சர்களிடம் கெஞ்சி ஒரு நாளைக்கென்று இரண்டு ரம்பம் வாங்கி வந்தார். சாயங்கால மணி அடிப்பதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒன்று கை நீளம், சுறாவின் வாய் போலப் பல். மற்றது குட்டையானது, முதுகில் இரும்புப் பட்டை வைத்தது, பல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வாசலில் இரண்டையும் போட்டதும் பக்கத்து வீடுகள் கூடிவிட்டன.

நைனா பெரியதை எடுத்தார். இடதுகைக் கட்டைவிரலால் அதன் பற்களை மெல்ல வருடினார். அந்த விரலில், நகத்துக்கும் கணுவுக்கும் நடுவே, மூன்று சின்ன வெள்ளைத் தழும்புகள் வரிசையாக உண்டு. வேளா அறுத்தது என்பார். மூக்கே ரம்பமாக, இரண்டு பக்கமும் பல் வைத்த மீன் வேளா. அப்படி ஒன்றின் கொம்பு எங்கள் கூரையிலேயே செருகியிருந்தது. கதையைச் சொல்லும்தோறும் அந்த வேளா வளர்ந்தது. எனக்கு ஏழு வயதாகும்போது அது படகைவிட நீளமாகியிருந்தது.

"பெரிய பல்லு, பெரிய வாயி. சட்டுனு தின்னுடும்," என்றார் நைனா. பலகையின் மிச்ச ஓரத்தில் ரம்பத்தை வைத்து, காலை ஊன்றி, வலை இழுக்கிற மாதிரி இழுத்தார். ஒன்றும் அறுபடவில்லை. மறுபடி இழுத்தார். பின்னால் சாய்ந்து, முனகி, உடம்பெல்லாம் வைத்து இழுத்தார்.

"தள்ளு மச்சான், தள்ளு! உலாந்தா ரம்பம் தள்ளும்போதுதான் கடிக்கும்," என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க முப்பாட்டன் காலத்துலேந்து இழுத்துத்தாண்டா பழக்கம். நீ வலைய இன்னா தள்ளினியா?"

வாசல் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வயிறு வலித்தது. நைனா அந்தச் சிரிப்பை ரசித்தார். சிரிப்பு அடங்கும்போதெல்லாம் இன்னொரு தடவை இழுத்துக் காட்டினார். பிறகு ஒருவழியாகத் தள்ளினார். ரம்பம் எகிறியது, குதித்தது, மரம் அலறியது. பலகையின் அடிப்பக்கம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்தது. ஒரு சிலாம்பு நீளமாகக் கிளம்பி, மூடிக்காக அக்கா கரியால் போட்டிருந்த கோட்டின் பக்கம் ஓடியது. நாலு விரல்கடை தள்ளி நின்றது.

சிரிப்பும் நின்றது.

"கிழவி வாயாட்டம் ஆக்கிட்ட நைனா," என்றாள் அக்கா. 

"பொல்லாத மரம். அவசரப்பட்டா ஆவாது," என்று ரம்பத்தைக் கீழே வைத்தார் நைனா. "ரம்பத்த கொண்டுபோய்க் குடுத்துடுடா. பங்குனி போவட்டும், பாத்துக்கலாம்."

அம்மா அதுவரை சுவரோரம் குந்தி, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். வலையை அப்படியே வாரிக்கொண்டு எழுந்து வந்து என் முன்னால் விரித்தாள்.

"இந்த ஓட்டை யாருடி போட்டது?"

"சுறா."

"இது?"

"பேத்தை."

குப்பத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு கேள்வியா? சுறா புகுந்து போன இடத்தில் நூல் பிய்ந்து, நைந்து, தாடி தாடியாகத் தொங்கும். பேத்தை உள்ளங்கை அளவு மீன், ஊதிய வயிறும் பொடிப் பல்லுமாகப் பார்த்தால் சிரிப்பு வரும். அது கடித்த இடம் கத்தியால் நறுக்கியது போல் இருக்கும்.

"பெரிய பல்லு கிழிக்கும், பொடிப் பல்லு நறுக்கும்," என்றாள் அம்மா. "ஏழு வயசுப் பொண்ணுக்குத் தெரியுது. தெனம் கடலுக்குப் போறவருக்குத் தெரியலியா, சின்னவ நைனா?"

சின்னவள் என்றால் நான். நைனா வானத்தைப் பார்த்தார்.

அம்மா மீன் அரியும் கத்தியை எடுத்துவந்து, கரிக்கோட்டின் மேல் அழுத்தி இழுத்தாள். மேல் நாரை முதலில் கத்தி அறுத்துவிட்டால் ரம்பம் அதைப் பிய்க்காது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. கருவாட்டுக்கு மீனைக் கீறுகிறவளுக்கு அது தோன்றியது. குட்டை ரம்பத்தைத் தன் தம்பியிடம் நீட்டினாள்.

மாமா சுமை தூக்குகிறவர். ரம்பத்தையும் சுமை மாதிரியே பிடித்தார். பொடிப் பல் கத்திக் கோட்டில் நிற்காமல் வழுக்கி, பலகையின் நல்ல முகத்தில் ஒரு கீறல் போட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். இன்னொரு கீறல். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் மணிச்சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே அறுத்தார்.

அக்கா வந்து கோட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். அதற்குமேல் யாரும் ரம்பத்தை வைக்க முடியாது.

"போதும் உடு மாமா," என்றாள். பிறகு நைனாவைப் பார்த்தாள். "மூடி இல்லாட்டி இன்னா நைனா? தொறந்த பெட்டியோடவே போறேன். தோணிரேவுக்கு இன்னைக்கே சொல்லியனுப்பிடு."

நைனா அவள் கையைப் பார்த்தார். அப்புறம் எழுந்தார். மாமாவிடமிருந்து ரம்பத்தை வாங்கினார். அக்காவின் கையை மணிக்கட்டில் பிடித்து, சூடான சட்டியை நகர்த்துவது போல மெதுவாக நகர்த்தினார். பலகையை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்து, கீறல் படாத முகம் மேலே வரும்படி புரட்டினார். கத்தியால் அந்த முகத்திலும் ஒரு கோடு இழுத்தார். முழங்காலால் பலகையை அமுக்கி, இடதுகைக் கட்டைவிரலின் கணுவைக் கோட்டோரம் நிறுத்தி, ரம்பத்தை அதன்மேல் சாய்த்தார். முதலில் தன் பக்கமாக மூன்று சின்ன இழுப்பு. பிறகு தள்ளினார்.

சத்தமே வேறாக இருந்தது. கரையில் அலை பின்வாங்கும்போது மணல் போடுகிற சத்தம். போய் வந்தது, போய் வந்தது, ஒரு தடவைகூடத் திக்கவில்லை. கேழ்வரகு மாவு போல மரத்தூள் உதிர்ந்து அவர் காலில் படிந்தது. முடிகிற இடத்தில் கையை லேசாக்கி, விழப்போகிற துண்டை இடதுகையால் தாங்கிக்கொண்டார். துண்டு பிரிந்தது, ஒரு சிலாம்பு இல்லை. நான் குனிந்து அறுத்த முகத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது.

"பாத்தீங்களா? ரம்பம்னா இதுதான் ரம்பம்!" என்று மாமா குதித்தார். பக்கத்து வீட்டார் எல்லோரும் குட்டை ரம்பத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நானும் அந்தப் பொடிப் பற்களை மரியாதையோடு தொட்டேன். சரியான ரம்பம் கிடைத்துவிட்டால் போதும், இழுக்க மட்டுமே தெரிந்த மனிதர்கூட அறுத்துவிடலாம் என்பது என் மனதில் அன்று கல்லெழுத்தாக விழுந்தது.

அம்மா ரம்பத்தைப் பார்க்கவில்லை. நைனாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூத்து முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது," என்றார் நைனா.

வாசலில் கூடிய கூட்டத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மாமா இரண்டு ரம்பத்தையும் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைக்கு ஓடினார். தை முடிவதற்குள் அக்கா ஏரியைக் கடந்து போனாள். மடியில் பெட்டி. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே வலைநூல்கூட நுழையாது. நான் நுழைத்துப் பார்த்திருந்தேன்.

என் பத்தொன்பதாவது வயதில் அரிவாள்மணைக்குப் பலகை அறுக்க உட்கார்ந்தேன். கிடைத்தது பெரிய பல் ரம்பம். விறகுக்குத்தான் ஆகும் என்று தெரியும், ஆனாலும் அவசரம். கட்டைவிரல் கணுவைக் கோட்டோரம் நிறுத்தி முதல் தள்ளு தள்ளியதும் ரம்பம் எகிறி விரலில் இறங்கியது. ரத்தத்தைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். இடதுகைக் கட்டைவிரல். நகத்துக்கும் கணுவுக்கும் நடுவே. வரிசையாக மூன்று கோடு.

கூரையில் வேளாக்கொம்பு இன்னும் செருகியிருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே என் கட்டைவிரல் முழுதாக நுழைந்தது. ஒரு விரலில் மூன்று கோடு போட அந்த மீனால் ஆகாது. மூன்று மாதம் சுவரில் சாய்ந்து நின்ற பலகை ஞாபகம் வந்தது. மூடி ஆனதும்தான் அக்காவுக்கு நாள் குறிப்பதாக இருந்ததும் ஞாபகம் வந்தது. தள்ள வேண்டியதை இழுத்து இழுத்துக் காட்டிய கை ஞாபகம் வந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்ததும்.

நைனா கடலுக்குப் போயிருந்தார். அம்மா என் விரலைத் திருப்பிப் பார்த்தாள், என் மடியில் கிடந்த வேளாக்கொம்பையும் பார்த்தாள். பழந்துணியைக் கிழித்துச் சுற்றினாள்.

"கண்ணாலத்துக்கு முன்ன மூணு வருசம் வேற ஊர்க் கோட்டையில மரம் அறுத்த மனுசனுக்கே இப்டித்தான் ஆச்சு," என்றாள். முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு, கொம்பை எடுத்துப் பழைய இடத்திலேயே செருகினாள்.

"உங்க நைனா வந்து கேட்டா, வேளா அறுத்துடுச்சுன்னு சொல்லு."