ஈட்டிக்காரிக்குத் தடை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் விளையாடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். போகிற இடம் கோப்பாயில் ஒரு கைபேசி திருத்தும் கடையின் பின்னறை. அங்கே நாங்கள் ஏழு பேர் கூடுவோம். கூடுவது ஒவ்வொரு கிழமையும் தவறாமல் நடந்தது. விளையாடுவதுதான் எப்போதாவது நடந்தது.

அது ஒரு சண்டை விளையாட்டு. திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். எதிராளியின் உயிர்க்கோடு தீரும்வரை அடிக்க வேண்டும். மூன்று சுற்றில் இரண்டை எடுத்தவர் வென்றவர். இருபத்துநான்கு பாத்திரங்களில் யாரையும் தெரிவு செய்யலாம். அவர்களுடைய உண்மைப் பெயர்கள் எங்கள் வாய்க்குள் நுழையவில்லை, நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். நான் எடுப்பது மலையனை. ஆள் ஆமை வேகத்தில் நகர்வான். ஆனால் கிட்டப் போய்ப் பிடித்துவிட்டால் எதிராளியைத் தூக்கி நிலத்தில் அறைவான். ஈட்டிக்காரி கிட்ட வரவே விடமாட்டாள். தூர நின்று குத்திக்கொண்டே இருப்பாள். என் வாழ்க்கையில் நான் மனதார வெறுத்த பெண் அவள் ஒருத்திதான்.

யார் யாருக்கு எதிரே எடுபடுவார் என்பதை நாங்கள் பொருத்தம் என்போம். எங்கள் தலைவர் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கும் ரியூசன் மாஸ்டர். அவர் பழுப்பு நிறத் தாள்களை ஒட்டி, இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு கட்டம் கீறி, பத்து ஆட்டத்தில் யாருக்கு எத்தனை என்று மூன்று நிறப் பேனாவால் எழுதிச் சுவரை மறைத்திருந்தார். கல்யாணத் தரகரிடம்கூட அவ்வளவு விபரம் இருக்காது. மலையனும் ஈட்டிக்காரியும் சந்திக்கும் கட்டத்தில் மூன்றுக்கு ஏழு என்று சிவப்பில் இருந்தது. அதை இரண்டரைக்கு ஏழரை ஆக்க வேண்டும் என்று நான் இரண்டு ஞாயிறு வாதாடினேன். மாஸ்டர் அரைப் புள்ளிக்கு ஆதாரம் கேட்டார். ஒரு ஆட்டம் மூன்று நிமிடம். அதன் மீதான மரண விசாரணை ஒன்றரை மணித்தியாலம். இந்த முறையில் ஒரு பெரிய வசதி இருந்தது. எங்களில் ஒருவரும் ஒருநாளும் தோற்கவில்லை. பொருத்தம்தான் தோற்றது.

யாழ்ப்பாணத்தில் ஏழு பேர் ஒரே அறையில் இரண்டு முறை தேத்தண்ணி குடித்தால் அது சங்கமாகிவிடும். எங்களுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், யாப்பு, கடிதத் தலைப்பு, றப்பர் முத்திரை எல்லாம் இருந்தன. செயலாளர் நான். கையில் பிடித்து விளையாடும் கொன்ட்ரோலர் வாங்க முன்னமே முத்திரை செய்துவிட்டோம்.

இந்த நிலையில்தான் மயிலிட்டிக் கடற்கரையில் இருந்து ஒருவர் வந்தார், நாங்கள் மயிலிட்டிக்காரர் என்றே சொன்னோம். இருபத்தைந்து வயதிருக்கும், தமையனின் படகில் கடலுக்குப் போகிறவர். உடைந்த கைபேசியைத் திருத்தக் கொண்டு வந்தவர், பின்னறைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சுவரை மேலிருந்து கீழாக வாசித்தார்.

"சேர், இதிலை ஆர் ஆரை வெல்லலாம் எண்டு போட்டிருக்கோ?"

"ஓம் தம்பி," என்றார் மாஸ்டர்.

"அவ்வளத்தையும் விளையாடிப் பாத்தோ எழுதினனீங்கள்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விளையாடிப் பாக்க அவசியமில்லை. இது கணக்கு."

மயிலிட்டிக்காரர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஈட்டிக்காரியை எடுத்தார். பொழுது சாய முன்னர் ஏழு பேரையும் வரிசையாக அடித்து முடித்தார். என்னுடைய மலையன் இரண்டு சுற்றிலும் அவளை ஒருமுறைகூடத் தொடவில்லை. "நல்ல ஆட்டம் அண்ணை" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை வாங்கிக்கொண்டு போனார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் விசாரணை தொடங்கியது.

"உவள் ஈட்டிக்காரியை வைச்சு ஆராலைதான் வெல்லேலாது?" என்றார் மாஸ்டர்.

"வலை இழுக்கிற கை," என்றார் கடைக்கார அண்ணை. அவர்தான் பொருளாளர். "பட்டன் அமத்த வேகமாத்தான் இருக்கும். மூளை வேலை ஒண்டும் இல்லை."

எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். ஏழு மூளைகள் சேர்ந்து ஒரு கையிடம் தோற்றதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் நேரம் கிடைத்த ஞாயிறுகளில் வந்தார், அடித்தார், போனார். சங்கத்தில் சேர விண்ணப்பமும் தந்தார். அது பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னேன். பரிசீலிக்க வேண்டியவன் நானே என்பதைச் சொல்லவில்லை.

பிறகு கொழும்பில் இருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அகில இலங்கைப் போட்டி, யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு இடம். யார் வேண்டுமானாலும் பங்குபற்றக்கூடிய தெரிவுப் போட்டி ஒன்றை எங்கள் சங்கம் நடத்தி ஆளை அனுப்ப வேண்டும். தீவகற்பத்தில் இந்த விளையாட்டுக்குக் கடிதத் தலைப்பு வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான் போலிருக்கிறது.

அந்த இடம் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தவித்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. பல்கலைக்கழக அனுமதி இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளியில், தசமத்துக்குப் பின்னால் வந்த இலக்கத்தில் போனது. கனடா விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. பெண் பார்த்த இடங்களில் பலகாரம் தந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு காப்புறுதிக் கிளையில் மற்றவர்களுடைய விபத்துகளைப் படிவத்தில் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பட்டியலில் ஒரேயொரு தடவை என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மயிலிட்டிக்காரரிடம் ஈட்டிக்காரி இருக்கும்வரை அது வராது என்பதும் தெரிந்திருந்தது.

அவசரக் கூட்டம் கூட்டினேன். தீர்மானம் இதுதான்: விளையாட்டின் சமநிலையைப் பேணும் பொருட்டு ஈட்டிக்காரி என்னும் பாத்திரம் சங்கத்தின் சகல ஆட்டங்களிலும் தடை செய்யப்பட வேண்டும். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவர் மாஸ்டர், சிவப்புக் கட்டத்தைக் காட்டி இருபது நிமிடம் உரையாற்றினார். ஏழு கைகளும் உயர்ந்தன. நான் தட்டச்சு செய்து முத்திரை குத்தினேன்.

மயிலிட்டிக்காரர் கதவில் ஒட்டியிருந்த தீர்மானத்தை வாசித்தார்.

"அப்ப நான் ஆரை எடுக்கிறது, அண்ணை?"

"மற்ற இருபத்துமூண்டு பேரும் இருக்கினம்தானே, தம்பி. நீர் கெட்டிக்காரன்."

அவர் சாமியாரை எடுத்தார். நெருப்பு எறியும் தாடிக்காரன். எங்கள் அட்டவணையில் கடைசிக்கு முந்தின ஆள். தெரிவுப் போட்டியில் அந்தச் சாமியாரை வைத்து மாஸ்டரையும் கடைக்கார அண்ணையையும் ஊதித் தள்ளினார். இறுதியாட்டத்தில் என்னோடு மோதியபோது முதல் இரண்டு சுற்றும் ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது சுற்றில் என் உயிர்க்கோடு நூலளவுதான் மிஞ்சியிருந்தது. அவர் ஒரு நெருப்பைக் கொஞ்சம் பிந்தி எறிந்தார், மலையன் பிடித்துத் தூக்கி அறைந்துவிட்டான். ஏழு பேரும் கத்திய கத்தில் கைபேசி திருத்த வந்தவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். அவர் எழுந்து எனக்குக் கை தந்தார். நான் கையை இரண்டு தரம் குலுக்கினேன், ஏதோ என் திறமையில் நான் வென்ற மாதிரி.

அடுத்த ஒரு மாதம் கொழும்புக்கான ஆயத்தம். ஆயத்தம் என்றால் கதை. மற்ற மாவட்டங்களில் யார் யாரை எடுப்பார்கள், எந்தப் பொருத்தத்துக்கு எந்த உபாயம் என்று மாஸ்டர் கொப்பி நிறைய எழுதித் தந்தார். அந்தக் கொப்பியில் ஈட்டிக்காரிக்குப் பக்கமே இல்லை. அவள்தான் தடை செய்யப்பட்டவளாயிற்றே.

கொழும்பில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடி. முதல் ஆட்டத்தில் எனக்கு எதிரே வந்தது கண்ணாடி போட்ட ஒரு இளம் பெண். அவர் கையில் இருந்த பணிஸைச் சாப்பிட்டு முடித்து, விரலைத் துடைத்துவிட்டு ஈட்டிக்காரியை எடுத்தார்.

நான் கையை உயர்த்தினேன். இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அது நடந்தது. நடுவர் வந்தார். என் சட்டைப் பையில் தீர்மானத்தின் பிரதி இருந்தது, முத்திரையோடு. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. முத்திரையை உற்றுப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அரைகுறைத் தமிழில் மிகவும் அன்பாகக் கேட்டார்:

"மெடிக்கல் சேட்டிபிகேட்டா? சுகமில்லையா?"

சுகம்தான் என்றேன். ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு சுற்றும் முடிந்தன. பாதிநேரம் நான் அவளுடைய ஈட்டியின் நீளத்தை மறந்து போய் அதன்மேலேயே நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்கு மேலாக அவளை நான் கண்ணால்கூடக் காணவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கொழும்பில் என்ன வேலை என்று கேட்டார். கண்ணாஸ்பத்திரி என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பின்னறையில் விசாரணை. மாஸ்டரின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"மூண்டுக்கு ஏழு எண்டு நான் அப்பவே எழுதினனான்! ஆள் தோக்கேல்லை. பொருத்தம் தோத்தது."

"அமைப்பாளர்களுக்குக் கண்டனக் கடிதம் ஒண்டு போடவேணும்," என்றார் கடைக்கார அண்ணை.

மயிலிட்டிக்காரர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் கண்டனத்தின் வாசகத்துக்குப் போன பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அண்ணை, உங்கடை தடை கொழும்பிலை செல்லாது எண்டு தெரியும்தானே?"

"தெரிஞ்சிருக்க வேணும்," என்றேன்.

"அப்ப ஏன் எனக்கு ஒரு போன் அடிக்கேல்லை? போட்டிக்குப் போகமுன்னம் ஒவ்வொரு நாளும் வந்திருப்பன். ஈட்டிக்காரியை வைச்சு உங்களை அடி அடியெண்டு அடிச்சிருப்பன். வாங்கி வாங்கிப் பழகியிருப்பியள். நீங்கள் வெண்டிருந்தா எங்கள் எல்லாருக்கும் சந்தோசம்தானே."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்குரிய இடத்தில் நான் போய் இருந்துவிட்டு வந்திருக்கிறேன், அவர் எனக்கு எப்படி உதவியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். கொன்ட்ரோலரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இப்ப எடும் தம்பி அவளை. விளையாடுவம்."

"இனி என்னத்துக்கு அண்ணை?" என்றார். படகுக்கு ஐஸ் ஏற்ற வேண்டும் என்று எழுந்து போனார்.

அவர் குரலில் துளியும் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன்.