ஆறு பெட்டி பீன்ஸும் செக்கக்காவும்

"மண்ணு ஒட்டியிருக்கா? வேர்ல, பெட்டியில, அடிக்கட்டையில, எங்கயாவது?"

செக்கக்கா காலையில போன்ல கேக்குற முதல் கேள்வி இதுதான். அந்தப் பக்கம் இருக்கறவர் அடுத்த நாட்டுல இருந்து இஞ்சி அனுப்புறவர். "கழுவியாச்சும்மா"ங்கிறார்.

"நீங்க கழுவினீங்களா, ஆளுங்க கழுவினாங்களா?"

"ஆளுங்கதான்."

"அப்ப நீங்க போயி ஒரு தடவ பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

நெஜமாவே இருப்பாங்க. ஒரு கையில போன், இன்னொரு கையில டீ, கொண்டையில சொருகின செவப்புப் பென்சில். அவரு திரும்பி வர்றதுக்குள்ள டீ ஆறி ஏடு கட்டிடும். அதையும் வீணாக்காம குடிச்சிடுவாங்க.

பெத்தவங்க வெச்ச பேரு வேற. எல்லை கேட்டுல டிரைவருங்க, எடை போடுறவரு, அதிகாரிங்க எல்லாருக்கும், எதையும் செக் பண்ணாம விடமாட்டாங்கன்னு, அவங்க செக்கக்கா. வெளிநாட்டுக் காயோ பழமோ பருப்போ, கேட்டுல நிறுத்தி, பூச்சி இருக்கா நோய் இருக்கான்னு பாத்து முத்திரை குத்தினாத்தான் உள்ள விடுவாங்க. அதுக்கு, லாரி வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே இன்ன சரக்கு, இன்ன தோட்டம், இத்தன பெட்டின்னு எழுதிக் குடுத்து நேரம் வாங்கி வெக்கணும். இந்த வேலையத்தான் அக்கா இருபத்திரெண்டு வருஷமா பண்றாங்க. டயர் கடை மாடியில ஒரு ரூம். பூச்சி பாக்க ஒரு லென்ஸு. ரெண்டு போன். ஒண்ணு வாயத் தொறந்தா மூடாது, இன்னொண்ணுக்கு மூடியே கிடையாது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க.

அவங்க வீட்டுக்காரரு சொல்வாரு: "வீட்டுக்குக் கத்தரிக்கா வாங்கினாலும் ஒவ்வொண்ணா கவுத்துப் போட்டு ஓட்டை இருக்கான்னு பாக்குறா. என்னைக் கட்டிக்கிறப்ப மட்டும் எப்படியோ அவசரப்பட்டுட்டா!"

"அப்ப எனக்கு லென்ஸு வாங்க வசதியில்ல"ம்பாங்க அக்கா.

வேற யாரும் பண்ணாத ஒரு காரியம் அவங்க பண்ணுவாங்க. லாரியில சரக்கு ஏத்தும்போதே வரிசைக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லி, எந்தத் தோட்டத்துப் பெட்டி எந்த மூலையில இருக்குன்னு பேப்பர்ல படம் போட்டுடுவாங்க. அதுக்கு ஸ்கேன் படம்னு பேரு வெச்சிருக்காங்க. வயித்துக்குள்ள தலை எங்க, காலு எங்கன்னு டாக்டரு காட்டுவாரே, அதே மாதிரிதான். அதிகாரி எந்தத் தோட்டத்துப் பெட்டி கேட்டாலும் மொத்த லாரியையும் எறக்க வேண்டாம். அந்தப் படம் இருந்தா மூணு மணி நேர வேலை ஒரு மணி நேரத்துல முடியும். குளிர்ல வந்த காயி வெயில்ல வாடாது.

போன வாரம் அந்தப் படந்தான் வம்ப இழுத்து விட்டுச்சு.

புதுசா இறக்குமதி ஆரம்பிச்ச தம்பி ஒருத்தரு. முதல் லோடு, எண்ணூறு பெட்டி பீன்ஸு. நாளைக்குக் காலையில கடைக் கதவு தொறக்கும்போது பீன்ஸு இல்லேன்னா இனிமே உங்கிட்ட வாங்க மாட்டோம்னு பெரிய கடைக்காரங்க சொல்லிட்டாங்க. பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற ஆளு மாதிரி காலையில இருந்து அக்கா ரூம் வாசல்ல நடந்துக்கிட்டே இருக்காரு. லாரி கேட்டுக்கு வர ரெண்டு மணி நேரம் இருக்கு. அப்பத்தான் ஏத்துனவங்க கடைசி மூணு போட்டோவ அனுப்பினாங்க.

அக்கா லென்ஸ வெச்சுப் பாத்தாங்க. பேப்பரப் பாத்தாங்க. மறுபடியும் போட்டோவப் பாத்தாங்க.

"தம்பி, உள்ள வாங்க. பூச்சி இல்லேன்னு அங்க குடுத்த சர்டிபிகேட்ல இருக்கறது மூணு, நாலு, அஞ்சாம் நம்பர் தோட்டம். கடைசி வரிசையில ஆறு பெட்டி ஏழாம் நம்பரு. எண்ணிக்கை பத்தலைன்னு பக்கத்துத் தோட்டத்துல இருந்து எடுத்து சொருகிட்டாங்க. அந்தத் தோட்டத்த யாரும் வந்து பாக்கல."

தம்பிக்கு முகம் செத்துப் போச்சு. "வழியில நிறுத்தி அந்த ஆற எறக்கிடலாமாக்கா?"

"லாரிக் கதவுல வெச்ச சீல உடைச்சா லாரியையே திருப்பிடுவாங்க."

"எண்ணூறுல ஆறுதானேக்கா. அதிகாரி பாக்கப் போறது எட்டுப் பெட்டி. அவரு கை அங்க போகவா போகுது?"

"அவரு கை போகாதுப்பா. பூச்சி போகுமே."

"நீங்க சொன்னா மொத்த லோடும் போயிடும்க்கா."

"போனாலும் போகும்." அக்கா லென்ஸக் கீழ வெச்சாங்க. "என் மேலயும் தப்பு இருக்கு. நீங்க அவசரப்படுத்தினீங்கன்னு, கடைசி போட்டோ வராமலே லாரிய விடச் சொல்லிட்டேன்."

சொல்லிக்கிட்டே கொண்டையில இருந்த பென்சில உருவி, ஸ்கேன் படத்துல அந்த ஆறு கட்டத்தையும் செவப்பா அடிச்சாங்க.

லாரி வந்துச்சு. கதவத் தொறக்கறதுக்கு முன்னாடியே அக்கா விஷயத்தச் சொல்லி, படத்த அதிகாரி கையில குடுத்துட்டாங்க. அவரு கண்ணாடிய ஏத்தி விட்டுப் பாத்தாரு. தம்பி கண்ண மூடிக்கிட்டாரு.

"ஏம்மா, இத நான் கண்டுபிடிச்சிருப்பேன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்கன்னுதான் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு, ஆனா விட்டுக் குடுக்கல. ஆறு பெட்டியையும் அழிச்சிடணும், மத்ததுல எட்டுக்குப் பதிலா இருபத்தி நாலு பெட்டி பாப்பேன், ஒரு புழு இருந்தாலும் லாரி வந்த வழியே போகும்னுட்டாரு. வெள்ளப் பலகையில பீன்ஸக் கொட்டி ஒவ்வொண்ணா ஒடிச்சாங்க. பச்சக் கொழந்த வெரலப் பிடிக்கிற மாதிரி பதமா எடுத்து எடுத்து அக்கா நீட்டுறாங்க, அவரு ஒடிக்கிறாரு. பதினேழாவது பெட்டியில கறுப்பா ஒண்ணு தெரிஞ்சுது. தம்பி அப்படியே கீழ உக்காந்துட்டாரு. லென்ஸு வெச்சுப் பாத்தா காஞ்ச பூவோட காம்பு.

சாயங்காலம் நாலரைக்கு முத்திரை விழுந்துச்சு. லாரி கெளம்புச்சு. தம்பி அழுதுக்கிட்டே சிரிக்கிறாரு. "வாங்கக்கா, நீங்க இன்னும் சாப்பிடல."

"நீங்க லாரி பின்னாடி போங்க. இங்க இன்னும் ஆறு பெட்டி இருக்கு."

யார்டு மூலையில அரைக்கிற மெஷினு கடகடன்னு ஓடுது. ஒவ்வொரு பெட்டியா கவுத்தாங்க. ஆறாவதும் முடிஞ்சுது. மெஷின்காரரு அணைக்க சுவிட்ச அமுக்கப் போனாரு. அக்கா கை காட்டி நிறுத்தினாங்க. முட்டி வலியோட மெதுவா குனிஞ்சு, மெஷின் சக்கரத்துக்கு அடியில தெறிச்சுக் கெடந்த ஒத்த பீன்ஸ எடுத்து, ஊதிப் பாத்து, மெஷினுக்குள்ள போட்டாங்க.